காலையில் மறந்துபோகும் வண்டி

சாயங்காலம் வரைக்கும் நல்ல பிள்ளையாக ஓடிய வண்டி, மறுநாள் காலையில் நீ யாரோ நான் யாரோ என்று முழித்தால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? அமுதவல்லி சாவியைத் திருப்பினாள். மீட்டரில் மஞ்சளும் சிவப்புமாக இருக்கிற விளக்கெல்லாம் எரிந்தன. எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினாள். மறுபடி சுற்றியது, பிடிக்கவில்லை. ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு குத்து விட்டாள். வலித்தது அவளுக்குத்தான்.

"நேத்து பொழுதோட காட்டூர் வரிக்கும் போய்ட்டு வந்தமே, அதுக்குள்ள மறந்துட்டியா? இன்னா சென்மம் நீ?" என்று வண்டியைப் பார்த்துக் கேட்டாள்.

வண்டி மறந்துதான் போயிருந்தது. அதுதான் அதற்கு வந்த நோய். பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கிற தோணிரேவில், படகுகளுக்குப் பக்கத்தில், வலை காயப்போடுகிற மேட்டில் நின்றபடி, ஒவ்வொரு நாளும் கற்றுக்கொண்டதை ஒவ்வொரு நாளும் மறந்துகொண்டிருந்தது. வண்டியில் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரம் உண்டு. அதுகூடப் புத்தி பேதலித்துப் போய், பொழுது விடிந்த நேரத்தில் மணி ஒன்று என்று காட்டியது.

மேட்டுக்குக் கீழே குப்பம்மாளும் மற்றப் பெண்களும் கூடைகளோடு நின்றார்கள். ஏரிச் சேற்றில் இடுப்பளவு இறங்கி, வளைக்குள் கம்பியையும் கையையும் விட்டு நண்டு பிடிக்கிறவர்கள். பிடித்த நண்டின் கொடுக்கைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கு மூடி எடுத்து வருவார்கள். சென்னையில் உயிர் நண்டை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனிக்கு அதை உச்சிப்பொழுதுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது அமுதவல்லியின் வேலை. செத்த நண்டைக் கம்பெனி தொடாது.

அமுதவல்லி பிக்கப் வாங்கும் வரைக்கும் ஆரம்பாக்கத்துத் தருமலிங்கத்தின் வண்டிதான் இங்கே வந்துகொண்டிருந்தது. அவன் தூங்கி எழுந்து, டீ குடித்து, தோன்றினால் வருவான். வந்து சேர்வதற்குள் செத்துப்போன நண்டையெல்லாம் பொறுக்கிப் பெண்களின் காலடியிலேயே வீசிவிட்டுப் போவான். அந்த வீச்சை இந்த ஊர்ப் பெண்கள் யாரும் மறக்கவில்லை. அதனால்தான் அமுதவல்லி தானே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, குளிர்ப்பெட்டி வைத்த பிக்கப்போடு வந்து நின்றபோது, ஒருத்தி விடாமல் அவளிடம் வந்தார்கள்.

"இன்னிக்கும் இல்லியா மே?" என்று குப்பம்மாள் கேட்டாள்.

"இதோ, மெக்கானிக்கு விமலு வந்துடுவான் பெரிம்மா. கொஞ்ச நேரம் இரு."

"நான் இருப்பேன். நண்டு இருக்கணுமே."

கோபமில்லாமல்தான் சொன்னாள். அமுதவல்லிக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. கொஞ்ச நேரத்தில் ரோட்டுத் திருப்பத்தில் தருமலிங்கத்தின் வண்டி ஹாரன் அடித்தது. இப்போதெல்லாம் அவன் தூக்கத்தை விட்டுவிட்டுச் சீக்கிரமாகவே வருகிறான். பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள்.

இந்தக் கூத்தெல்லாம் கார்த்திகைப் புயலில் ஆரம்பித்தது. ஏரி பொங்கி ரோட்டில் ஏறிய அன்றைக்கு, போகாதே என்று புருஷன் நாகப்பன் சொல்லச் சொல்லக் கேட்காமல், நண்டு செத்துப்போகும் என்று அமுதவல்லி வண்டியைத் தண்ணீருக்குள் விட்டாள். பாதி தூரத்தில் எஞ்சின் தண்ணீரைக் குடித்தது. உள்ளே ஏதோ தட்டென்று உடைந்தது, அவ்வளவுதான். நாகப்பனும் இன்னும் நாலு பேரும் படகைக் கொண்டுவந்து அவளையும் வண்டியையும் இழுத்தார்கள். அதற்கப்புறம் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பொன்னேரியில் சின்னதாக ஷெட் போட்டிருக்கிற விமல், வண்டியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். அதே எஞ்சின் புதுசாக வாங்குவதற்கு இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம் என்றான். பிறகு எங்கெங்கோ அலைந்து, சூளூர்ப்பேட்டையில் உடைக்கப் போட்டிருந்த ஒரு பழைய வண்டியிலிருந்து டீசல் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தான். அதே கம்பெனியின் பழைய மாடல். அவள் வண்டியில் இருப்பது போலக் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. டீசல் ஊற்றிச் சுற்றிவிட்டால் ஓடும்.

"அப்ப அந்தக் கம்ப்யூட்டர் கம்பியெல்லாம் அறுத்துப் போட்டுடேன்" என்று அமுதவல்லி சொன்னாள்.

"போடலாம்க்கா. ஆனா ஸ்டியரிங் இந்த வண்டியில கரண்ட்டுல சுத்துது, கையே கழண்டு போய்டும். குளிர்ப்பெட்டி கம்ப்யூட்டர் சொன்னாத்தான் ஓடும். அப்பறம் உன் கம்பெனிக்காரன் போன்ல பாக்குறானே, வண்டி எங்க கீது, எஞ்சின் ஓடுதா, பெட்டி எவ்ளோ குளுருதுன்னு, அதெல்லாம் போய்டும்."

அது போனால் வேலையும் போயிற்று. வண்டியைப் போனில் பார்க்க முடியாவிட்டால் கம்பெனி சரக்கே எடுக்காது. அதனால் விமல் ஒரு வழி செய்தான். எஞ்சின் பழசு, கம்ப்யூட்டர் புதுசு, இரண்டுக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு டப்பா. கம்ப்யூட்டர் கேட்கிற கேள்விக்கெல்லாம் அந்த டப்பா பதில் சொல்லும். வண்டியோடு வந்த எஞ்சினே இருக்கிறது, சூடு சரியாக இருக்கிறது, எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் நம்பினால் டீசல் வருகிற வால்வைத் திறந்துவிடும்.

"அப்ப அது பொய் சொல்ற டப்பாவா?"

"நல்லா பொய் சொல்ற டப்பாக்கா. ஆனா எப்படிச் சொல்லணும்னு மொதல்ல பழகிக்கணும்."

அமுதவல்லிக்குத் தலை சுற்றியது. தன் வண்டிக்குள் இப்படி ஒருத்தனை ஒருத்தன் ஏமாற்றிக்கொண்டு மூன்று பேர் குடியிருப்பார்கள் என்று அவள் நினைத்ததேயில்லை.

டப்பாவைப் பழக்குவது ஒரு பெரிய சடங்கு. எஞ்சினைச் சும்மா உறும விட வேண்டும், சூடேறும் வரை காத்திருக்க வேண்டும், பிறகு காட்டூர் வரைக்கும் ஒரே வேகத்தில் போய்த் திரும்ப வேண்டும். மீட்டரில் விளக்குகள் ஒன்றொன்றாக அணையும். கடைசி விளக்கு அணைகிறபோது பொழுது சாய்ந்திருக்கும், விமல் கையைத் தட்டிக்கொண்டு பொன்னேரி பஸ்ஸைப் பிடிப்பான். காலையில் சாவியைத் திருப்பினால் எல்லா விளக்கும் எரியும். அ, ஆவிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

விமல் டப்பாவை மாற்றினான். கம்பியை மாற்றினான். உப்புக் காத்து என்றான், ஈரம் என்றான், நேரம் என்றான். "வண்டிய யாராச்சும் நோண்டுறாங்களாக்கா?" என்று ஒரு நாள் கேட்டான். "யாருடா கிட்ட வர்றா? கெளம்பாத வண்டிய எவன் தூக்கினு போவப்போறான்?" என்றாள் அவள். அந்த நம்பிக்கையில்தான் கதவைக்கூடப் பூட்டுவதில்லை. குப்பம்மாள் கண்ணேறு என்று முடிவு கட்டி, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து முன்னால் தொங்கவிட்டாள். மறுநாளும் வண்டி கிளம்பவில்லை. மிளகாய்தான் காய்ந்தது.

ஒரு தரம் பொறுக்க முடியாமல், விமல் காட்டிக்கொடுத்தபடி வால்வுக்கு நேராக ஒரு கம்பியைக் கொடுத்து எஞ்சினைக் கிளப்பிவிட்டாள். தொம்தொம் என்று படகு எஞ்சின் மாதிரியே சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. ஆனால் ஸ்டியரிங் இரும்பாக இருந்தது, பெட்டி குளிரவில்லை. பழவேற்காட்டைத் தாண்டுவதற்குள் கம்பெனி சூப்பர்வைசர் போன் செய்தார்.

"என்னம்மா இது? எஞ்சின் ஆஃப்ல இருக்குன்னு காட்டுது. ஆனா வண்டி நகருது. யாராவது தள்ளிக்கிட்டு வர்றாங்களா?"

அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்கு ஏற்றிய நண்டில் முக்கால்வாசி செத்துப்போனது. பெண்கள் செத்ததை எடுத்துக் கொட்டிவிட்டு வெறுங்கூடையோடு போனார்கள்.

நாகப்பன் மட்டும் இந்தக் குழப்பத்துக்குள் வரவேயில்லை. கருக்கலில் ஏரிக்குப் போவான், ஏறுவெயிலில் திரும்பி, பிடித்த மீனை வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் மறுபடி போய்ப் பொழுது சாயும்போது கரைக்கு வருவான். காலையில் கரை திரும்பும்போது, முன்பக்கம் திறந்து கிடக்கிற வண்டியைப் பார்த்து, "இன்னிக்கும் இல்லியா?" என்று கேட்பான். அந்தக் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று அமுதவல்லி காது கொடுத்துக் கேட்பாள். இருப்பதாகத் தெரியவில்லை. சில நாள் அவன் முகத்தில் லேசாக ஒரு நிம்மதிகூடத் தெரிந்த மாதிரி இருந்தது. கட்டிய புருஷனைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்கே கூசியது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

வியாழக்கிழமை சூப்பர்வைசர் முடிவாகச் சொல்லிவிட்டார். நாளைக் காலை சரக்கு ஏற்றும்போதே வண்டி போனில் சரியாகத் தெரிய வேண்டும், உச்சிப்பொழுதுக்குள் நண்டு வந்து சேர வேண்டும். இல்லையென்றால் தோணிரேவுச் சரக்கு இனிமேல் தருமலிங்கத்தோடுதான். அதோடு நிற்காமல் இன்னொன்றும் கேட்டார்.

"தெனமும் பொழுது சாஞ்சதும் உங்க வண்டி எங்க போன்லேருந்து காணாமப் போயிடுது. விடியறதுக்கு முன்னால திரும்ப வருது. நடுவுல எங்கம்மா கொண்டு போறீங்க? வண்டியக் காட்டுற மெஷினைக் கழட்டி வெச்சுட்டு வேற லோடு அடிக்கிறீங்களா?"

அமுதவல்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கிளம்பாத வண்டியை எடுத்துக்கொண்டு அவள் எங்கே லோடு அடிப்பாள்?

விமல் அன்றைக்கும் வந்து, டப்பாவைப் பழக்கி, கடைசி விளக்கையும் அணைத்துவிட்டான். கையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, நாளைக்கு நெல்லூர்ல எங்க அக்கா வூட்டு விசேசம். இப்பவே கெளம்புறேன், வர முடியாது. இதுக்கு மேல எனக்கும் ஒண்ணும் தெரியல" என்றான். அவன் முகம் வாடிக்கிடந்தது. அவள் ஆற்றமாட்டாமல் சூப்பர்வைசர் கேட்டதை அவனிடம் கொட்டினாள். விமல் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டான்.

"பொழுது சாஞ்சா காணாமப் போவுதா? இத்த ஏன்கா மொதல்லயே சொல்லல?"

"அந்தாளு இன்னிக்குத்தான சொன்னான். இன்னாவாம்?"

"காலையில கடியாரம் எவ்ளோ காட்டுது?"

"அது லூசுக் கடியாரம். ஒண்ணு, ஒண்ணேகால்னு காட்டும்."

விமல் வண்டிக்குள் குனிந்து கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். பேட்டரிக் கம்பியைக் கழற்றி மாட்டினால் அந்தக் கடிகாரம் பன்னிரண்டிலிருந்து ஆரம்பிக்கும். ஒன்று காட்டுகிறதென்றால், அவள் சாவியைத் திருப்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் யாரோ கம்பியை மாட்டியிருக்கிறார்கள். முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் கழற்றியிருக்கிறார்கள். சாவியை எடுத்த பிறகும் டப்பாவுக்குப் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் படித்ததெல்லாம் போய்விடும்.

"யாரோ வேணும்னே பண்றாங்கக்கா. தருமலிங்கம் ஆளா இருக்கும்" என்றான்.

அவளுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இந்தக் கரையில் எழுந்து நடமாடுகிற ஆள் யார்? பொழுது சாயும்போது இந்த மேட்டுக்கு வருகிற ஆள் யார்? "நீ பஸ்ஸுக்குப் போடா, நேரமாவுது" என்று விமலை அனுப்பிவைத்தாள். தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

வெயில் தாழ்ந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய படகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். சொந்தப் புருஷனை வேவு பார்க்க ஒளிந்து உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு அழுகையை வரவழைத்தது. அவனாக இருக்கக் கூடாது, தருமலிங்கத்தின் ஆளாகவே இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

நாகப்பனின் படகு வந்தது. இழுத்துக் கரையேற்றினான். வலையை எடுத்துப் போட்டான். இடுப்பிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து, படகு எஞ்சினின் பேட்டரிக் கம்பியைக் கழற்றினான். கம்பியின் முனையைத் துணியால் துடைத்து, கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் கவரைச் சுற்றினான். பிறகு அதே ஸ்பேனரோடு, நடை மாறாமல், நேராகப் பிக்கப்புக்கு வந்தான். கதவைத் திறந்து உள்ளே குனிந்து, முன்மூடியின் கொக்கியை விடுவித்தான். மூடியைத் தூக்கி நிறுத்தினான். ஸ்பேனரைப் பேட்டரியில் வைத்தான்.

"யோவ்!"

அவள் போட்ட சத்தத்தில் மேட்டிலிருந்த காக்கையெல்லாம் பறந்தது. நாகப்பன் திரும்பினான். அமுதவல்லி ஓடிவந்து அவன் கையிலிருந்த ஸ்பேனரைத் தட்டிவிட்டாள்.

"நீயாய்யா? நீயா? ஊரெல்லாம் சந்தேகப்பட்டேனே! தருமலிங்கத்துக்கிட்ட இன்னா வாங்கின? நான் வூட்ல குந்தினு இருக்கணும், அதான உனக்கு? நேரா சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். இப்படித் திருட்டுத்தனமா கழுத்த அறுக்குறியே!"

சத்தம் கேட்டுக் குப்பம்மாளும் இன்னும் சிலரும் வந்துவிட்டார்கள். நாகப்பன் அவளையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். அகப்பட்டுக்கொண்ட திருடனின் முழியாக அது இல்லை. கால் கழுவியதற்கு ஏன் திட்டுகிறாள் என்று புரியாதவனின் முழியாக இருந்தது.

"கரைக்கு வந்தா கம்பிய கழட்டணும்ல?" என்றான்.

"இன்னாது?"

"எஞ்சினு கரையில நின்னா கம்பிய கழட்டி வெக்கணும். இல்லன்னா உப்பு ஏறும், தீ புடிக்கும். பூவரசன் படகு எப்படி எரிஞ்சுச்சு? காலையில போவ சொல்ல திரும்ப மாட்டிட்டுத்தான் போறேன். ஒரு நாள்கூட மறக்கலியே."

"ஆமா, கழட்டத்தான் செய்வாங்க" என்றாள் குப்பம்மாள்.

"நான்கூடத் தெனம் பாக்குறேனே" என்றான் பக்கத்துப் படகுக்காரன். "கழட்டினு இருப்பாரு. அதுக்கு இன்னா இப்ப?"

அமுதவல்லி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். பாதிக் கரை இதைத் தினமும் பார்த்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்வதற்கு அதில் ஒன்றுமே இல்லை. தோணிரேவில் படகு கரையேறினால் கம்பியைக் கழற்றுவார்கள், அவ்வளவுதான். அவளே பார்த்திருந்தால்கூட ஒரு நாள் அது கண்ணில் பட்டிருக்காது.

"இது படகாய்யா? வண்டிய்யா! இத்தினி நாள் இல்லாம இப்ப எதுக்கு இதுல கை வெச்ச?"

"முன்ன அது கம்ப்யூட்டர் எஞ்சினு. தெருவுல நின்னுச்சு. எனக்குத் தெரியாத வஸ்து, தொடவே மாட்டேன். இப்ப இதுல கீறது நம்ப எஞ்சின் மாதிரிதான? சத்தமே அப்படித்தான கீது? படகோட படகா நிக்கிது. இத மட்டும் எப்படி மே அப்படியே வுட்டுட்டுப் போறது?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது, குப்பம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அமுதவல்லிக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எல்லோரும் கலைந்து போகும்வரை காத்திருந்தாள்.

"சரி, தெரியாமத்தான் பண்ண" என்றாள் பிறகு. "ஆனா ஒண்ணு கேக்குறேன், சத்தியமா சொல்லு. வண்டி கெளம்பலன்னு தெரியறப்ப உன் மூஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு. நான் பாத்தேன்."

நாகப்பன் குனிந்து ஸ்பேனரைத் தேடி எடுத்தான். மணலைத் துடைத்தான். பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், இவ்வளவுக்கு அப்புறம் அவள் நம்பியும் இருப்பாள்.

"ஆமா" என்றான். "சந்தோசமாத்தான் இருந்துச்சு. அன்னிக்கு அந்தத் தண்ணியில வண்டியோட தலைதான் மே தெரிஞ்சுது எனக்கு. நீ உள்ள கீறியா, போய்ட்டியான்னு தெரியல. அதுலேருந்து நீ சாவி எடுத்தா எனக்கு ஒடம்பு ஆடுது. வண்டி நின்னா, சரி, இன்னிக்கு இவ வூட்ல கீறான்னு இருக்கும்."

"அப்ப வேணும்னேதான் கழட்டுனியா?"

"இல்ல. கையி பழக்கத்துக்குக் கழட்டுச்சு. அப்படித்தான் நெனச்சினு இருந்தேன். இப்ப நீ கேக்கச் சொல்ல எனக்கே தெரியல மே."

அவள் எதையெல்லாமோ எதிர்பார்த்திருந்தாள், இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை. அவன் மேல் கோபம் போகவில்லை, ஆனால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்றும் புரியவில்லை. முன்மூடியை இறக்கிச் சாத்தினாள். வண்டிக் கதவைப் பூட்டலாம், ஸ்பேனரை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் காலையில் வண்டி கிளம்பும், இவனைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாமலே போகும். அவள் எதையும் பூட்டவில்லை. ஸ்பேனரையும் கேட்கவில்லை. வீட்டுக்குள் போய்விட்டாள்.

விடிந்து அவள் வெளியே வந்தபோது, நாகப்பன் ஏரிக்குப் போகாமல் படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். பெண்கள் கூடைகளோடு வந்துவிட்டார்கள். ரோட்டுத் திருப்பத்தில் தருமலிங்கத்தின் வண்டி ஏற்கெனவே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு வண்டி கிளம்பாவிட்டால் இந்தக் கூடைகளெல்லாம் இனிமேல் அந்தப் பக்கம்தான் போகும். எல்லோருக்கும் அது தெரியும்.

அமுதவல்லி நேராக நாகப்பனிடம் போய்ச் சாவியை நீட்டினாள்.

"நீ போடு."

"நானா? எனக்கு இன்னா தெரியும்?"

"சாவி திருப்பத் தெரியும்ல? போடு."

"ஆவலன்னா?"

"போடுய்யா."

அவன் பெண்களைப் பார்த்தான், பெண்கள் அவனைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்தான். அவள் மறுபக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். மீட்டரைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

சாவியைத் திருப்பினான். எல்லா விளக்கும் எரிந்தன. நாகப்பனின் முகம் வெளுத்தது. உதடு எதையோ முணுமுணுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அவள் அவனைக் கடலில் பார்த்திருக்கிறாள், முகத்துவாரத்தில் அலை மறிக்கும்போது பார்த்திருக்கிறாள், அப்போதுகூட அவன் இப்படிப் பயந்ததில்லை. விளக்குகள் ஒன்று, இன்னொன்று என்று அணைந்தன. அவன் சாவியை இன்னும் அழுத்தித் திருப்பினான். எஞ்சின் சுற்றி, இருமி, பிடித்துக்கொண்டது.

குப்பம்மாள் குலவையிட்டாள். கூடைகள் ஓடிவந்தன. குளிர்ப்பெட்டியின் கதவைத் திறந்து பெண்கள் நண்டை ஏற்றத் தொடங்கினார்கள். அமுதவல்லியின் போன் அடித்தது. "வண்டி தெரியுதும்மா, எஞ்சின் ஓடுது, பெட்டியும் குளிருது. கெளம்புங்க" என்றார் சூப்பர்வைசர்.

நாகப்பன் மட்டும் அசையவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"ஆவணும்னுதான் வேண்டிக்கினேன் மே" என்றான். "சத்தியமா, ஆவணும்னுதான்."

"பாத்தேன்" என்றாள் அவள். "எறங்கு, நேரமாவுது."

"இரு மே. கையெடுத்தா நின்னுடப்போவுது."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து, அவன் தோளில் கைவைத்துத் தள்ளினாள்.

"நிக்காது. நவுந்து குந்து" என்றாள்.

அவன் நகர்ந்து உட்கார்ந்தான். அவள் ஏறிக் கியரைப் போட்டாள்.